கார் ஏ.சி. கம்ப்ரசர் கட்டுப்பாடு

காரின் குளிரூட்டிக் கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட் சுழற்றுகிறது. இன்ஜின் ஓடும்வரை புல்லியும் சுற்றும். ஆனால் கம்ப்ரசரின் தண்டு எப்போது சுற்ற வேண்டும் என்பதை முடிவு செய்வது மின்காந்த கிளட்ச். 12 வோல்ட் மின்சாரம் பாய்ந்ததும் காயில் காந்தமாகி, அரை மில்லிமீட்டர் அளவே விலகி நிற்கும் கிளட்ச் தட்டைப் புல்லியோடு ஒட்டவைக்கும். பானட்டுக்குள் கேட்கும் ‘டக்’ ஒலி அதுதான். தட்டு தேய்ந்து இடைவெளி கூடினால், இன்ஜின் சூட்டில் கிளட்ச் ஒட்டாமல் போவதுண்டு. அப்போது ஏ.சி. குளிராததைக் கண்டு, குளிர்பதன வாயு தீர்ந்துவிட்டதாக அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது.

டாஷ்போர்டு சுவிட்ச் வெறும் கோரிக்கைதான். இன்ஜின் கணினி சம்மதித்தால்தான் கிளட்ச்சுக்கு மின்சாரம் தரும் ரிலே இயங்கும். குளிர்பதன வாயுவின் அழுத்தம் மிகக் குறைந்தாலும் அளவுமீறி ஏறினாலும் மின்சாரம் துண்டிக்கப்படும். காற்றைக் குளிர்விக்கும் இவாப்பரேட்டர் உறைநிலையை நெருங்கினால், பனி படியாதிருக்க அதன் சென்சார் கம்ப்ரசரை நிறுத்தச் செய்யும். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் பல கார்களில் சில விநாடிகள் ஏ.சி. ஓய்வெடுக்கும்.

உள்ளிருக்கும் சாய்தட்டின் கோணத்தை மாற்றிக் கொள்ளளவைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்ரசர்கள் சிலவற்றில் கிளட்சே கிடையாது. மின்சாரக் கார்களில் பெல்ட்டும் இல்லை; உயர் மின்னழுத்த மோட்டாரின் வேகமே குளிர்ச்சியின் அளவை நிர்ணயிக்கிறது.