ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்

2011 ஜூலை. ஏழாவது செமஸ்டர் தொடங்கிய வாரம், எங்கள் கல்லூரியின் பிளேஸ்மென்ட் செல் வாசலில் ஒரு ஏ4 தாளை ஒட்டியிருந்தார்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் 60 சதவீதம். சி.ஜி.பி.ஏ. 6.5. கடைசி வரி: ‘நோ ஸ்டாண்டிங் அரியர்ஸ், நோ ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்.’

அதாவது, இப்போது பெயிலான பாடம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. இதற்கு முன் எப்போதும் இருந்திருக்கவும் கூடாது. முதல் பாதி உடனே புரிந்தது. இரண்டாம் பாதியை மூன்று தடவை வாசித்தேன். கிளியர் பண்ணிய அரியரும் அரியர்தானா? பக்கத்தில் நின்ற ரூம்மேட் தோளில் கை போட்டான். “மாப்ள, நமக்கெல்லாம் ஹிஸ்டரி இருக்குடா. மன்னர் பரம்பரை.”

சிரித்துவிட்டு மெஸ்ஸுக்குப் போனோம். இந்தக் கடைசி வரியை எல்லாக் கம்பெனியும் கேட்காது, 6.5ஐ எல்லாரும் கேட்பார்கள் என்று ஒரு சீனியர் சொல்லியிருந்தார். ராத்திரி ரெக்கார்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு செமஸ்டர் முடிந்து என் சராசரி 5.9. எட்டு செமஸ்டருக்கும் சம எடை என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 6.5 தொட மீதி இரண்டு செமஸ்டரிலும் 8.3 எடுக்க வேண்டும். அதுவரை எந்த செமஸ்டரிலும் நான் 6.8ஐத் தாண்டியதில்லை.

இது போக இரண்டு அரியர். ஒன்று எம்3, இன்னொன்று தியரி ஆஃப் கம்ப்யூடேஷன். அதில் ஒரு விசித்திரம் இருந்தது. பெயிலான பாடம் சராசரிக் கணக்கில் சேராது. தட்டுத்தடுமாறி பாஸ் பண்ணினால் ‘இ’ கிரேடு வரும், அதன் மதிப்பு 5. என் சராசரியோ 5.9. ஆக, நான் பாஸ் ஆனால் என் மதிப்பெண் இறங்கும்! ஏற்கெனவே ‘இ’ வாங்கிய பாடத்தைத் திரும்ப எழுதி உயர்த்திக்கொள்ளவும் விதிமுறையில் இடமில்லை. பதினெட்டு வயதில் காய்ச்சலோடு எழுதிய தாள் அப்படியேதான் இருக்கும்.

அந்தக் கணக்குதான் என்னை வரலாற்றுப் பக்கம் தள்ளியது. இந்த ஏற்பாட்டை யார் எப்போது கொண்டுவந்தார்கள் என்ற கேள்வி அப்போது வெறும் எரிச்சல். பதில்களைத் தேடி வாசித்ததெல்லாம் பின்னாளில்.

முதலில் ‘அரியர்’ என்ற சொல். ‘பின்னால்’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. நம் ஊரில் அது கல்லூரிக்குள் நுழைவதற்கு முன்பே தாலுகா கச்சேரியில் இருந்தது. கட்டாமல் விட்ட நிலவரிக்குப் பெயர் அரியர், தமிழில் நிலுவை. அதை வசூலிக்கவென்றே 1864இல் மதராஸ் வருவாய் வசூல் சட்டம் வந்தது. நிலுவை வைத்தவரின் பொருளை ஜப்தி செய்யலாம், நிலத்தை ஏலம் விடலாம். தோற்ற பாடத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஒரு கடன் சொல். ஆனால் வரி நிலுவையைக் கட்டி முடித்தவனிடம் ‘முன்பு எப்போதாவது நிலுவை வைத்திருந்தாயா’ என்று கேட்டுக்கொண்டே இருக்க மாட்டார்கள்.

அடுத்து பல்கலைக்கழகம். கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்றும் 1857இல் தொடங்கப்பட்டன. மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். ஆரம்பத்தில் இவை பாடம் நடத்தவில்லை. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. பல்கலைக்கழகத்தின் வேலை தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது. நம்மூர்ப் பல்கலைக்கழகம் பிறக்கும்போதே ஒரு தேர்வுக் கூடமாகத்தான் பிறந்தது. வகுப்பில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. கடைசியில் வந்து எழுதும் தாள்தான் எல்லாம்.

மதராஸில் முதலில் பட்டம் வாங்கியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம் பிள்ளை. பின்னாளில் கலித்தொகையைப் பதிப்பித்தவர். கல்கத்தாவின் கதை இன்னும் சுவாரசியம். 1858இல் அங்கே நடந்த முதல் பி.ஏ. தேர்வில் ஒருவர்கூட எல்லாப் பாடத்திலும் தேறவில்லை. இரண்டு பேர் மட்டும் ஆறு பாடங்களில் ஐந்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஆறாவதில் குறைந்தது ஏழு மதிப்பெண்ணுக்கு மிகாது. பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட் கூடிப் பேசி, சிறப்புச் சலுகையாக அவர்களுக்குப் பட்டம் கொடுக்கலாம், இரண்டாம் வகுப்பில் வைக்கலாம் என்று தீர்மானம் போட்டது. ஒருவர் ஜதுநாத் போஸ். மற்றவர் பங்கிம் சந்திர சட்டோபாத்யாய்.

ஆம், ‘ஆனந்தமடம்’ எழுதிய அதே பங்கிம். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டமே கிரேஸ் மார்க்கில் வந்தது. இதை வாசித்த அன்று, பழைய ரூம்மேட்டுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். “மன்னர் பரம்பரைன்னு அன்னைக்கே சொன்னேன்ல?” என்று பதில் வந்தது.

அதே கட்டமைப்பு எல்லாரிடமும் அவ்வளவு கருணையாக நடந்துகொள்ளவில்லை. ராமானுஜன் கதையை நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்திருக்கிறார்கள், ஆனால் அதை ஒரு அரியர் கதையாக வாசித்துப் பாருங்கள். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்கிறார். கணக்கைத் தவிர எதையும் படிக்கவில்லை, உதவித்தொகை போகிறது. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடுகிறார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியங்கியல் காலை வாருகிறது. அந்த வருடம் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. மறுவருடம் மறுபடி எழுதி மறுபடி தோல்வி.

இன்றைய முறையாக இருந்தால் உடலியங்கியலை அரியர் வைத்துவிட்டு மேலே போயிருப்பார். அன்று ஒரு பாடத்தில் விழுந்தால் தேர்வு மொத்தமும் போச்சு. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தனக்குப் பல்கலைக்கழகக் கல்வி கிடையாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். தன் ஹிஸ்டரியை முதலிலேயே டிக்ளேர் பண்ணுகிறார் என்றுதான் எனக்கு அந்த வரியை வாசிக்கத் தோன்றுகிறது. அதே வருடம், அவரைத் தோற்கடித்த அதே மதராஸ் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. பட்டமே இல்லாதவருக்கு ஆய்வாளர் பணம். பங்கிமுக்கு ஏழு மார்க்; ராமானுஜனுக்கு ஒரு விதிவிலக்கு. ஆனால் விதிவிலக்கு கிடைக்க, ஹார்டியிடமிருந்து ஒரு பதில் வர வேண்டியிருந்தது.

இந்த ஒரே அடித் தேர்வு முறை மோசம் என்பது சுதந்திரத்துக்குப் பின் அதிகாரபூர்வமாகவே சொல்லப்பட்டது. 1948–49இல் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்வு முறையில்தான் இருக்க வேண்டும் என்ற பொருளில் எழுதியது. மாற்று அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே 1897இலேயே மவுன்ட் ஹோலியோக் கல்லூரி மதிப்பெண்ணை எழுத்தாக மாற்றியிருந்தது. 1959இல் தொடங்கிய கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கைகொடுத்தபோது செமஸ்டர், எழுத்து கிரேடு, தொடர் மதிப்பீடு எல்லாம் கூடவே வந்தன. மெல்ல மற்ற இடங்களுக்கும் பரவி, 2008இல் சேர்ந்த எங்கள் பேட்ச்சுக்கு மதிப்பெண் போய் கிரேடும் சி.ஜி.பி.ஏ.வும் வந்தன.

நோக்கம் நல்லதுதான். ஒரு நாள் காய்ச்சலில் ஒரு வாழ்க்கை போய்விடக் கூடாது என்று பாரத்தை எட்டாகப் பிரித்தார்கள். பழைய முறைக்கு ஞாபகம் கிடையாது. கடைசி வருடம் முட்டி மோதிப் படித்தால் முதல் இரண்டு வருடம் சினிமா பார்த்தது யாருக்கும் தெரியாது. புது முறைக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது. சராசரிக்கு முன்னேற்றம் என்றால் என்னவென்று தெரியாது. ஐந்தில் தொடங்கி எட்டில் முடித்தவனும், எட்டில் தொடங்கி ஐந்தில் முடித்தவனும் அதன் கண்ணுக்கு ஒருவரே.

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநர். கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அந்த ஜூலையில் போனில் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “எங்க கணக்குல குறைஞ்சா கைக்காச வெச்சிட்டு வந்துருவோம்ப்பா. ஆனா மறுநாள் பை புதுசு. உங்களுக்கு அப்படி இல்லையா?”

“இல்லப்பா. எங்களுக்கு அதே பைதான்.”

“சரி. இருக்கிற பையில போடு.”

போட்டேன். அந்த வருடத்தில் பெரிய வீரமெல்லாம் இல்லை. பழைய கேள்வித்தாள்களைப் பத்து செமஸ்டருக்கு ஜெராக்ஸ் எடுத்தேன். எம்3யில் ஃபூரியர் தொடரை முதன்முறையாகப் புரிந்து படித்தேன். அது அழகாக இருந்தது என்பதுதான் எனக்கு அதிர்ச்சி. மூன்றாம் செமஸ்டரில் இதே பாடத்தைப் பதினாறு மார்க் கேள்வியாக மட்டும் பார்த்திருந்தேன். ஏழாவது செமஸ்டரில் 7.4. இரண்டு அரியரும் போயின. இரண்டிலும் ‘இ’. எட்டாவதில் 8.1. கிரெடிட் கணக்கெல்லாம் சேர்த்துக் கடைசியில் 6.34.

கேம்பஸில் வேலை கிடைக்கவில்லை. சென்னையில் எட்டு மாதம் அலைந்து, மதிப்பெண் பட்டியலைக் கேட்காத ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். அதுவும் ஒரு கிரேஸ் மார்க்தான்.

2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியவர்களெல்லாம் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. முதல்வருக்கு போஸ்டர், மீம்ஸ், ஒரே திருவிழா. நானும் சிரித்தேன், கொஞ்சம் வயிறும் எரிந்தது. ஆனால் இறுதி செமஸ்டருக்கு அந்தச் சலுகை இல்லை. தேர்வு இல்லாமல் இறுதியாண்டு மாணவர்களுக்குப் பட்டம் தர முடியாது என்று அதே வாரம், ஆகஸ்ட் 28 அன்று, உச்ச நீதிமன்றம் சொன்னது. அரியர் விவகாரமும் உயர் நீதிமன்றம் போனது. தேர்வே எழுதாமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது, ஏதாவது ஒரு வகையில் தேர்வு நடத்துங்கள் என்று 2021இல் சொல்லிவிட்டார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. படிக்காமல் பாஸ் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. படித்துக் கட்டிய கடனுக்கு ரசீது கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் இந்த நியாயத்தைப் பேச எனக்குத் தகுதி இருக்கிறதா என்று சந்தேகம் உண்டு. சில வருடங்களுக்கு முன் எங்கள் டீமுக்கு ஃப்ரெஷர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. எச்.ஆர். அனுப்பிய எக்ஸெல் ஷீட்டில் நானூற்றுச் சொச்சம் பெயர். சி.ஜி.பி.ஏ. காலத்தில் ‘7க்கு மேல்’ என்று ஃபில்டர் போட்டேன். இரண்டு விநாடி. பாதிக்கு மேல் காணாமல் போனார்கள். எனக்கு எதுவும் உறுத்தவில்லை, ஏனென்றால் அவர்கள் திரையில் இல்லை. ராத்திரி பைக்கில் வீட்டுக்குத் திரும்பும்போது, சிக்னலில், அந்த ஏ4 தாள் ஞாபகம் வந்தது. அந்த ஃபில்டரில் நானும் போயிருப்பேன்.

அடுத்த வருடம் செமஸ்டர் வாரியாக மதிப்பெண் கேட்டு வாங்கினேன். எச்.ஆர். முனகினார். முதல் இரண்டு செமஸ்டருக்கும் கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு காலம் சேர்த்து, அதை வைத்து வரிசைப்படுத்தினேன். பெரிய நீதியொன்றும் இல்லை, ஒரு கழித்தல் கணக்கு. மேலே வந்த பெயர்களில் ஒரு பெண்: தொடக்கத்தில் 5.6, கடைசியில் 8.4. ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்’ என்ற காலத்தில் ‘எஸ்’.

கூப்பிட்டோம். வந்தார். ஃபைலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கோடிங் கேள்வியை எடுக்கவில்லை.

“எம்3 எத்தனாவது தடவைல கிளியர் பண்ணீங்க?”

முகம் வாடிவிட்டது. “மூணாவது தடவை, சார்.”

“எனக்கு அஞ்சாவது” என்றேன். அதன்பிறகு ஃபூரியர் தொடரைப் பற்றி இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம்.