அந்தமானில் ஸ்கூபா: அரை நாள் அனுபவமா, சர்டிஃபிகேட் கோர்ஸா? எதைத் தேர்வு செய்வது?

அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சு. அடுத்த கேள்வி: ‘ஸ்கூபா பண்ணலாமா?’ ஹேவ்லாக், அதாவது 2018-ல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய தீவில், இதே பெயரில் அரை நாள் பேக்கேஜும் இருக்கும், நான்கு நாள் கோர்ஸும் இருக்கும். விலையை மட்டும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஏனென்றால், இரண்டும் வேறு வேறு.

என்ன வித்தியாசம்?

அறிமுக டைவ்: நீச்சல் தெரியாதவர்களும் போகலாம். பயிற்றுநர் கூடவே இருப்பார். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். முடிவில் ‘சான்றிதழ்’ என்று ஒரு தாள் கொடுத்தாலும், அதைக் காட்டி வேறு எங்கும் டைவ் செய்ய முடியாது.

ஓப்பன் வாட்டர் கோர்ஸ்: பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. போன்ற அமைப்புகளின் முதல் முழுமையான சான்றிதழ் இது. பாடம், ஆழமற்ற நீரில் பயிற்சி, கடலில் நான்கு டைவ் என்று 3 முதல் 4 நாள் ஆகும். நீச்சல் தெரிய வேண்டும். பி.ஏ.டி.ஐ.யில் 200 மீட்டர் நீந்தி, 10 நிமிடம் மிதந்து காட்ட வேண்டும். முடித்தால் 18 மீட்டர் வரை, சான்றிதழ் பெற்ற இன்னொருவருடன் உலகின் பல நாடுகளில் டைவ் செய்யலாம். 30 மீட்டருக்கான அட்வான்ஸ்டு கோர்ஸ் அடுத்த கட்டம்.

எத்தனை நாள் லீவு வேண்டும்?

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நீருக்கடியில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது. உடனே விமானம் ஏறினால், கேபினில் அழுத்தம் குறைவதால் அது குமிழிகளாக மாறலாம். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை போகக்கூடிய பாதிப்பு இது. அதனால் ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்.

கணக்குப் போடுங்கள். போக ஒரு நாள், கோர்ஸுக்கு 3 நாள், திரும்ப ஒரு நாள். ஐந்து நாள் என்பதே இறுக்கமான திட்டம், ஆறு நாள் நிம்மதி. பாடப் பகுதியை ஊரிலேயே ஆன்லைனில் முடித்துவிட்டால் தீவில் நேரம் மிச்சம்.

மருத்துவப் படிவத்தில் பொய் வேண்டாம்

ஆஸ்துமா, இதய நோய், காதுப் பிரச்சினை எல்லாம் கேட்பார்கள். ‘ஆமாம்னு போட்டா அனுப்ப மாட்டாங்களோ’ என்று மறைப்பது ஆபத்து. 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரும்போது நுரையீரலில் உள்ள காற்று இருமடங்காக விரியும். அது வெளியேற வழியில்லாமல் சிக்கினால் நுரையீரலே கிழியலாம். படிவத்தைக் கிளம்பும் முன்பே வாங்கி, தேவைப்பட்டால் டாக்டரிடம் கையெழுத்துப் பெறுங்கள். சளி, மூக்கடைப்பு இருந்தால் அன்றைக்கு டைவ் வேண்டாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

• ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? பி.ஏ.டி.ஐ. விதிப்படி ஓப்பன் வாட்டர் கோர்ஸில் 8 பேர் வரை. குறைவாக இருந்தால் நல்லது.
• பயிற்றுநரின் உறுப்பினர் எண் என்ன? அது நடப்பில் உள்ளதா?
• படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா?
• கட்டணத்தில் உபகரணம், படகு, சான்றிதழ்ச் செலவு எல்லாம் அடக்கமா?
• வானிலையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா? மே முதல் செப்டம்பர் வரை போகிறவர்களுக்கு இது முக்கியம்.

உங்கள் டிராவல் இன்ஷூரன்ஸையும் பாருங்கள். பல பாலிசிகளில் ஸ்கூபா கிடையாது, அல்லது ஆழ வரம்பு உண்டு.

மூன்று நாள்தான் லீவு என்றால், அறிமுக டைவே சரியான தேர்வு. பிடித்துப்போனால் கோர்ஸுக்கு இன்னொரு முறை வரலாம்.