ஒளி மிகுந்த ஊரும் இருட்காலமும்

அல்சூரில் இருண்ட குளிர்காலம் என ஒன்று இல்லை. ஏறத்தாழ 13 பாகை வட அகலக்கோட்டில் அமைந்த பெங்களூரில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் 11 மணி 20 நிமிடத்திற்குக் குறைவதில்லை; மிக நீண்ட பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான். இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884 சனவரியில் கண்ட 7.8 பாகை செல்சியசு. பகல் சுருங்குவதால் மனம் சோரும் நோயின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் இவ்வூரைத் தேர்ந்தெடுக்கமாட்டார். ஆயினும், ஒளிக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள உறவை மருத்துவம் எப்படிப் புரிந்துகொண்டது, அப்புரிதல் எப்படித் தலைகீழாயிற்று என்பதைப் பின்தொடர்வதற்கு அல்சூர் ஏரிக்கரை நல்லதொரு தொடக்க இடம். யாருடைய சோர்வு ஏட்டில் ஏறிற்று, என்ன பெயரில் ஏறிற்று என்ற வினாவும் இங்கிருந்தே எழுகிறது.

1809இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டினத்திலிருந்து அகற்றி, அல்சூரை ஒட்டிய மேட்டு நிலத்தில் பாளையம் அமைத்தனர். பெங்களூர்த் தமிழர் வாயில் அது இன்றும் ‘தண்டு’தான். இடமாற்றத்திற்குக் காரணம் காய்ச்சல். தீவுக்கோட்டை உடலைக் கெடுக்கும் இடம், கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் உள்ள இம்மேடு ஐரோப்பிய உடலுக்கு ஏற்ற இடம் என்ற கணிப்பே அம்முடிவின் அடிப்படை. அக்கால மருத்துவத்தில் தட்பவெப்பம் என்பது நோய்க்கான பின்புலம் மட்டுமன்று, அதுவே நோய். காற்று, ஈரம், வெயில் ஆகியவை கல்லீரலைக் கெடுப்பது போலவே நெஞ்சுரத்தையும் கெடுக்கும் என மருத்துவர் நம்பினர். வெள்ளைப் படைவீரனின் சோர்வுக்கும் குடிக்கும் எரிச்சலுக்கும் முதற்குற்றவாளியாக நின்றது கதிரவன்.

அந்நம்பிக்கை ஒரு வாழ்க்கை முறையையே வகுத்தது. இந்தியாவிலிருந்த பாளையங்கள் பலவற்றில் வெயிற்கால முழுவதும் ஐரோப்பியப் படைவீரர் காலை முதல் மாலை வரை கொட்டடிக்குள்ளேயே இருத்தப்பட்டனர். கதவும் சாளரமும் அடைக்கப்பட்டன, பங்கா அசைந்தது, வீரன் கட்டிலில் கிடந்தான். இந்தியாவிலுள்ள படையின் உடல்நலம் பற்றிய அரச ஆணையத்தின் அறிக்கை 1863இல் வெளிவந்தபோது, அதற்குக் குறிப்புரை எழுதிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் இந்தச் சோம்பல் நாளையே கடிந்தார். வீரனை அழிப்பது வெயில் மட்டுமன்று, அடைத்துவைத்தலும் வேலையின்மையும் சாராயமுமே என்பது அவர் வாதத்தின் சாரம். இன்றைய கண்ணோடு காண்போருக்கு இதில் ஒரு விசித்திரம் தென்படும்: ஒளி ததும்பும் நாட்டில் ஒளிக்கு அஞ்சி ஓர் இருட்காலத்தைக் கையாலேயே கட்டியிருக்கிறார்கள். பெங்களூரின் மிதமான வெயிலில் இக்கட்டுப்பாடு வடநாட்டுச் சமவெளியில் இருந்த அளவு கடுமையாக இருக்கத் தேவையில்லை. ஆயினும் கோட்பாடு ஒன்றே; தலையிலிருந்த நெட்டித் தொப்பியும் ஒன்றே.

அக்கோட்பாடு மங்காமல் நெடுங்காலம் நின்றது. 1905இல் அமெரிக்கப் படை மருத்துவர் சார்லஸ் உட்ரஃப் வெப்பமண்டல ஒளி வெள்ளையர் நரம்பைச் சிதைக்கிறது என ஒரு நூலே எழுதினார். அவர் கருத்தைத் தொடர்ந்து, பிலிப்பீன்சில் இருந்த அமெரிக்க வீரர்க்குச் செம்மஞ்சள் உள்ளாடை அணிவித்துச் சோதித்தும் பார்த்தனர். பயன் ஏதும் காணவில்லை. (மருத்துவ வரலாற்றில் நகைச்சுவை அருகியே கிடைக்கும், கிடைப்பதைப் பதிவுசெய்தல் நன்று.) இந்தியாவில் மனநோய் கண்ட ஐரோப்பியருக்கோ தாயகத்தின் தட்பவெப்பமே மருந்து எனப்பட்டது. கும்பினி 1818 முதல் அவர்களை இலண்டனில் பெம்புரோக் மாளிகை என்னும் தனியார் காப்பகத்திற்கு அனுப்பியது; 1870இல் ஈலிங்கில் இதற்கெனவே அரச இந்தியக் காப்பகம் திறக்கப்பட்டது. பன்னிரண்டு மணி நேர வெயிலிலிருந்து, திசம்பரில் எட்டு மணி நேரமே பகல் இருக்கும் ஊருக்கு, மனந்தேறும் பொருட்டு அனுப்பப்பட்டோர் அவர்கள்.

இப்பதிவுகளில் இல்லாதவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். தண்டோடு சேர்ந்து அல்சூருக்கு வந்தவர்கள் சென்னை மாகாணத்துத் தமிழர்: சிப்பாய், சுரங்கப் படையினர், வண்ணார், சமையற்காரர், குதிரைக்காரர், வணிகர். கொட்டடிக்குள் கிடந்தவனின் சோர்வை மருத்துவர் எழுதிவைத்தார். வாசலுக்கு வெளியே வெயிலில் அமர்ந்து பங்காக் கயிறு இழுத்தவனுக்கும் ஊர் நினைவு வந்திருக்கும். அதை எழுதும் பத்தி எந்த ஏட்டிலும் இல்லை. வெப்பமண்டலத்தான் வெப்பமண்டலத்தில் சோர்வதற்குக் கோட்பாட்டில் இடமில்லை. அவனுக்குக் காய்ச்சல் வரலாம், கழிச்சல் வரலாம், ஏக்கம் வராது.

கோட்பாடு கவிழ்ந்தது 1984இல். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தால், வடக்கத்திய குளிர்காலத்தில் தம் ஊக்கம் குன்றுவதைத் தாமே கண்டவர். அவரும் உடன் ஆய்வாளரும் அவ்வாண்டு வெளியிட்ட கட்டுரை, 29 நோயாளரை முன்வைத்துப் பருவகால மனச்சோர்வு என்னும் பெயரை நிலைநாட்டியது. கூடிய உறக்கம், கூடிய பசி, இலையுதிர் காலத்தில் தொடங்கி வேனிலில் நீங்கும் வாட்டம், மருந்து, விளக்கொளி. நூறாண்டு குற்றவாளிக் கூண்டில் நின்ற ஒளி மருத்துவனாக வெளிவந்தது. இந்நோய்க்குப் பெயரிட்டவர் வெயில்நாட்டிலிருந்து வந்த குடியேறி என்பதை ஆய்வாளர் போதிய அளவு கருதிப் பார்த்ததில்லை. இருட்டிலேயே பிறந்து வளர்ந்தோர் எல்லாரும் ஒரே அளவில் வாடுவதில்லை என்பதும் பின்னர்த் தெரிந்தது: 1993இல் ஐசுலாந்தியரிடமும் கனடாவில் வாழும் அவர்தம் வழித்தோன்றல்களிடமும் நடந்த ஆய்வுகள், அகலக்கோட்டை வைத்து எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே அந்நோயைக் கண்டன.

வெயில்நாட்டார் இருட்டிற்குப் போனால் என்ன நேரும் என்பதற்குத் தமிழரிடையே ஒரு தெளிவான சான்று உண்டு. அது அல்சூர்த் தமிழரைப் பற்றியதன்று, ஈழத்தமிழரைப் பற்றியது. 1956இல் யாழ்ப்பாணத்து அந்தோணி இராசேந்திரம் நார்வே சென்றார். அவரைத் தொடர்ந்து மாணவர் சிலர் சென்றனர். 1983க்குப் பின் ஏதிலியராகப் பலர் சென்றனர். அவர்களுள் கணிசமானோர்க்கு வேலை கிடைத்தது வடகோடியில், ஃபின்மார்க் மாவட்டத்து மீன்பதனத் தொழிற்கூடங்களில். ஏறத்தாழ 70 பாகை வடக்கு. அங்கே நவம்பரின் பிற்பகுதி முதல் சனவரியின் பிற்பகுதி வரை கதிரவன் அடிவானத்திற்கு மேல் வருவதில்லை. நார்வேயர் அதை இருட்காலம் என்றே அழைக்கின்றனர்.

அங்கு ஒரு மீனவச் சிற்றூரில் களப்பணி செய்த மானிடவியலாளர் ஆன் சிக்ஃபிரிட் கிரென்செத் 2010இல் தம் ஆய்வை நூலாக்கினார். தமிழர் ஊர் நலநிலையத்திற்கு அடிக்கடி சென்றனர். அவர்கள் சொன்னது தலைவலி, தோள்வலி, முதுகுவலி, உடம்பெங்கும் அசதி. சோதித்த மருத்துவர்க்குக் காரணம் புலப்படவில்லை. மீன் வெட்டும் மேசையருகே குளிரில் நாள் முழுதும் நிற்பவருக்கு வலி வருவதில் வியப்பில்லை. வேலை ஒன்றே அவ்வளவையும் விளக்கிவிடாது என்பதே நூலின் வாதம். உறவுமுறைகளால் ஆன ஒரு தன்னிலை, அவ்வுறவுகள் இல்லாத ஊரில், தன்னைக் கண்டுகொள்ளும் முகங்கள் இல்லாத தெருவில், உடல் நோவாக வெளிப்படுகிறது. பின்னாளில் ஃபின்மார்க்கை விட்டுப் பலர் ஆசுலோவிற்குப் பெயர்ந்தனர். அங்கும் குளிர்காலம் இருண்டதே. ஆனால் அங்கே கோயில் இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது, சொந்தம் இருந்தது. விளக்கொளியைக் கணக்கிட்டு மட்டும் இப்பெயர்வைப் புரிந்துகொள்ள இயலாது.

தமிழ் இலக்கண மரபு பருவத்தையும் துயரையும் இணைத்த முறையை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் யாமத்தையும், முல்லைக்குக் காரையும் மாலையையும் உரியவாக்குகிறது. பாலைக்குப் பின்பனியும் உரித்து என்கிறது. பொழுது முதற்பொருள், ஆனால் துயர் பொழுதினின்று பிறப்பதில்லை, பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஆகிய உரிப்பொருளினின்று பிறக்கிறது. நக்கீரரின் நெடுநல்வாடையில் வாடைக்காற்று ஊர் முழுவதற்கும் ஒன்றே. கோவலர் தீமூட்டிக் குளிர்காய்கின்றனர்; முழுவலி மாக்கள் கள்ளுண்டு தூறலில் திரிகின்றனர்; அரசியின் கட்டிலருகே மட்டும் அப்பருவம் தாங்கொணாததாகிறது. அதே யாமத்தில் பாசறையில் அரசனும் உறங்கவில்லை. இதனைக் கொண்டு சங்கப் புலவர்க்குப் பருவகால மனச்சோர்வு தெரிந்திருந்தது என முழங்குவது வரலாறாகாது. அவர்கள் நோயைப் பேசவில்லை, பிரிவைப் பேசினர். ஆயின் கிரென்செத்தின் களக்குறிப்புகளைப் படிக்கும் தமிழ் மாணவருக்கு அவ்விரண்டும் ஒன்றையொன்று விளக்குவதை மறைக்க முடியாது.

மார்கழி பற்றியும் இத்தகைய எச்சரிக்கை தேவை. ஆண்டின் குறும்பகல் விழும் மாதத்தில் விடியலுக்கு முன் எழுந்து, நீராடி, கோலமிட்டு, திருப்பாவையும் திருவெம்பாவையும் பாடிக் கோயிலுக்குச் செல்லும் வழக்கம் அல்சூர்த் தமிழரிடையேயும் உண்டு. இதை முன்னோர் கண்டறிந்த ஒளிச் சிகிச்சை எனக் கூறும் பகிர்வுகள் ஆண்டுதோறும் சுற்றுகின்றன. 13 பாகை அகலக்கோட்டில் தீர்க்க வேண்டிய ஒளிப் பஞ்சம் ஏதும் இல்லை. விடியலுக்கு முந்தைய நேரத்தில் ஒளியும் இல்லை. அவ்வழக்கம் உறுதியாகச் செய்வது ஒன்றுண்டு. போர்வைக்குள் கிடக்கத் தோன்றும் நேரத்தில் அடுத்த வீட்டாரைக் கதவைத் தட்டி எழுப்புகிறது. அவ்விரு பாடல் தொகுதிகளுள்ளும் நிகழ்வதும் பெரிதும் இந்த எழுப்புதலே.

நாட்காட்டி இடம்பெயரும்போது இதன் சிக்கல் கூர்மையாகத் தெரியும். தைப்பொங்கல் கதிரவனுக்குரிய விழா. அன்று அல்சூரில் ஏழு மணிக்கு முன்பே வெயில் ஏரியின்மேல் விழுந்துவிடும். 70 பாகையில் அதே நாளில் கதிரவன் திரும்ப இன்னும் சில நாட்கள் மீதமிருக்கும். அண்டையிலுள்ள துரோம்சோ நகரில் நார்வேயர் சனவரி 21ஐக் கதிரவன் நாளாகக் கொண்டு பழப்பாகு இட்ட பணியாரம் தின்று கொண்டாடுகின்றனர். இரு கொண்டாட்டங்களுக்கும் இடையே ஒரு வாரம். ஃபின்மார்க்கில் வாழும் தமிழர் வீட்டுப் பானை பொங்குவது அந்த வாரத்திற்கு முன்னால், அடுப்புக்கு மேல் எரியும் மின்விளக்கின் வெளிச்சத்தில்.