பூட்டைத் திறந்து காட்டினவர்

2010 மார்ச் 27. பென்னாகரம் இடைத்தேர்தல். மாநிலமே திரும்பிப் பார்த்த போட்டி. தி.மு.க. ஜெயித்தது, பா.ம.க. இரண்டாவது இடம், அ.தி.மு.க.வுக்கு டெபாசிட் போச்சு. அந்தப் பரபரப்பில் யாரும் ஓட்டு மெஷினைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை.

ஆனால், மேட்டூர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஏரியூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், நீல பட்டனை அமுக்கிவிட்டு, ‘பீப்’ சத்தம் கேட்டு வெளியே வரும்போது, “நான் குத்துனது நான் நெனச்ச ஆளுக்குத்தான் போச்சாப்பா?” என்று கேட்டிருந்தால் அதில் தப்பே இல்லை. முத்திரை குத்திய சீட்டைக் கண்ணால் பார்க்கலாம். சிப்புக்குள் விழுந்த ஓட்டை எப்படிப் பார்ப்பது?

ஏறக்குறைய ஒரு மாசம் கழித்து, அந்தக் கேள்வியை மூன்று பேர் உலகத்துக்கு முன்னால் வைத்தார்கள். ஹைதராபாத் இன்ஜினீயர் ஹரி பிரசாத், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மேன், நெதர்லாந்தின் ராப் கோங்ரைப். கையில் கிடைத்த நிஜமான ஓட்டு மெஷின் ஒன்றைத் திறந்து இரண்டு வித்தைகள் காட்டினார்கள். ஒன்று, ரிசல்ட் காட்டும் டிஸ்ப்ளேயைக் கழற்றிவிட்டு, அச்சு அசலாக அதே மாதிரி ஒரு போலி. உள்ளே ஒளிந்திருக்கும் சிப், செல்போனிலிருந்து வரும் கட்டளைப்படி பொய்க் கணக்கு காட்டும். இன்னொன்று, மெமரி சிப்பைக் கவ்விக்கொள்ளும் சின்னக் கருவி. ஓட்டுப் பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவே ஓட்டுகளையே மாற்றிவிடும்.

பென்னாகரத்தில் அப்படி நடந்தது என்று சொல்ல வரவில்லை. நடக்க முடியுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. இதைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் பெனட்ரேஷன் டெஸ்டிங் என்கிறார்கள். திருடன் வருவதற்கு முன்னால் நாமே ஆளை விட்டுப் பூட்டை உடைத்துப் பார்ப்பது. 1970-களிலேயே அமெரிக்க விமானப்படை தன் கம்ப்யூட்டர்களை இப்படிச் சோதித்தது.

அந்த ஆசாமியைக் கதாநாயகன் ஆக்கியது சைபர்பங்க் கதைகள். வில்லியம் கிப்சனின் ‘நியூரோமான்சர்’ 1984-ல் வந்தது. கிப்சன் அதை எழுதியது கம்ப்யூட்டரில் அல்ல, சாதாரண டைப்ரைட்டரில்! அதில் கேஸ் என்ற ஹேக்கர், பெரிய பெரிய கம்பெனிகளின் மின்னணுக் காவலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவான். அவனுக்கும் நிஜ டெஸ்டருக்கும் வித்தியாசம் ஒரே ஒரு காகிதம்தான். சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த அனுமதி.

நம்மூரிலும் அதே காலகட்டத்தில் ஒருத்தர் எழுதினார். ‘என் இனிய இயந்திரா’. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. நாட்டை ஆளும் ஜீவா என்ற சர்வாதிகாரி கடைசியில் வெறும் பிம்பம் என்று தெரியவரும். ஜனங்கள் நம்பிக் கும்பிட்டது ஒரு டிஸ்ப்ளேயை! எழுதிய சுஜாதாதான், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் ஓட்டு மெஷின் உருவானபோது அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் என்பது சரித்திரத்தின் குறும்பு. 2008-ல் அவர் காலமானார். போலி டிஸ்ப்ளே விவகாரத்தைப் பார்க்க அவர் இல்லை.

ஹரி பிரசாத் கதைக்கு வருவோம். அவரிடம் அந்த அனுமதிக் காகிதம் இல்லை. தேர்தல் கமிஷன் சொன்னதும் நியாயம்தான்: மெஷின் சீல் வைக்கப்பட்டு, காவலில் இருக்கிறது, யார் கையிலும் சும்மா கிடைக்காது. ஆனால், அவர்கள் கைக்கு ஒன்று வந்ததே! அது மும்பைக் கிடங்கிலிருந்து திருடப்பட்டது என்று வழக்கு. 2010 ஆகஸ்ட்டில் ஹரி பிரசாத்தைக் கைது செய்து மும்பைக்குக் கொண்டு போனார்கள். மெஷினைக் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து ஜாமீன். அதே வருஷம் அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அவருக்கு விருது கொடுத்தது. இங்கே வழக்கு, அங்கே விருது!

2013 அக்டோபரில், சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில், ஓட்டுக்குக் காகிதச் சாட்சி அவசியம் என்றது சுப்ரீம் கோர்ட். 2017 ஜூன் 3-ல், ‘முடிந்தால் முறைகேடு செய்து காட்டுங்கள்’ என்று கட்சிகளைக் கூப்பிட்டது தேர்தல் கமிஷன். உள் பாகத்தை மாற்றக் கூடாது என்று நிபந்தனை. தேசியவாத காங்கிரஸும் மார்க்சிஸ்ட்டும் மட்டும் வந்தன. இருவரும் முயற்சி செய்யவில்லை. 2024 ஏப்ரலில், எல்லாச் சீட்டுகளையும் எண்ணத் தேவையில்லை என்ற சுப்ரீம் கோர்ட், இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் கேட்டால் 5 சதவிகித மெஷின்களின் மெமரியைச் சரிபார்க்கலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது.

இப்போது ஏரியூர்ப் பெரியவர் பட்டனை அமுக்கினால், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு 7 விநாடி தெரிந்து, பெட்டிக்குள் விழுகிறது. அந்த 7 விநாடி, சந்தேகப்பட்டவர்கள் வாங்கிக் கொடுத்தது. அதில் ஒருத்தர் அதற்காக ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார்.