கதவை உடைத்தவரே கதவடைத்தார்!

1980ஆம் ஆண்டு. சென்னை நேரு விளையாட்டரங்கில் மக்கள் வெள்ளம். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். முன்னிலையில் மேடையேறினார் முகமது அலி. எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ், அவரும் முன்னாள் பட்டக்காரர், அலியின் ஊர்க்காரர். வெற்றி தோல்விக்கான சண்டையன்று, காட்சிப் போட்டிதான். எனினும் அந்த மாமனிதரைக் கண்ணால் காணக் கிடைத்ததே பேறு என்று எண்ணி வந்த கூட்டம் அது. வியப்பென்ன? வடசென்னைக்குக் குத்துச்சண்டை புதிதன்று. சார்பட்டா என்றும் இடியப்ப நாயக்கர் என்றும் பரம்பரை பிரித்து, உழைப்பாளி மக்கள் கோதாவில் மோதிய மண் அது. கித்தேரி முத்துவின் பெயரை இன்றும் மறவாத மண். 2021இல் பா. இரஞ்சித் எடுத்த திரைப்படத்துக்குப் பிறகு அந்தப் பரம்பரைகளின் பெயர் தமிழகம் முழுதும் ஒலிக்கிறது.

அந்த வடசென்னையிலிருந்து கடலோரமாகவே வடக்கே வந்தால் எண்ணூர், காட்டுப்பள்ளி, அப்பால் எங்கள் பழவேற்காடு. காசிமேட்டில் உறவினர் உள்ள குடும்பங்கள் இந்த ஏரிக்கரைக் குப்பங்களில் பல. மீன் கூடையோடு குத்துச்சண்டைக் கதையும் இங்கே வந்து சேர்ந்தது. இளைஞர் சிலர் ஒன்றுகூடி மூங்கில் தட்டி வைத்துக் கொட்டகை ஒன்று போட்டிருக்கிறார்கள். மணல் மூட்டையைத் தொங்கவிட்டுப் பயிற்சி நடக்கிறது. சுவரில் யார் படத்தை மாட்டுவது என்ற பேச்சு எழுந்தது. ஒருவர் ஜாக் ஜான்சன் படத்தை எடுத்துவந்தார். "பெண்டாட்டியை அடித்தவராமே அவர்? அவரையா மாட்டுவது?" என்று கேட்டார் இன்னொருவர். அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. வரலாறு படித்தவன் என்பதற்காக என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினர். சாட்சியம் இதோ.

முதலில் எளிய வழக்குகளைத் தள்ளிவிடுவோம். ஜான் எல். சல்லிவன் 1882 முதல் 1892 வரை உலகப் பட்டத்தைக் கையில் வைத்திருந்த அமெரிக்கர். எவரையும் சந்திக்கத் தயார் என்று மார்தட்டினார். அடுத்த மூச்சிலேயே, கறுப்பரோடு மட்டும் சண்டையிடேன் என்றார். அன்று அவருக்குச் சரிக்குச் சரியாக நின்றிருக்கக் கூடியவர் பீட்டர் ஜாக்சன். மேற்கிந்தியத் தீவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் புகழ் ஈட்டிய கறுப்பு வீரர். 1891இல் ஜிம் கார்பெட் என்னும் வெள்ளையரோடு 61 சுற்று நின்று போராடினார் ஜாக்சன். முடிவே காணாமல் நிறுத்தினர். மறு ஆண்டு சல்லிவனை வீழ்த்திப் பட்டத்தை எடுத்துக்கொண்ட கார்பெட், அந்த ஜாக்சனுக்குப் பட்டப் போட்டியில் ஒரு வாய்ப்பும் தரவில்லை. 1901இல் காச நோயால், நாற்பது வயதில் மாண்டார் ஜாக்சன். பின்வந்த ஜெப்ரீசும் இதே வழியில் நடந்தார். கறுப்பருக்கு எதிராக வெள்ளையர் மேடையைச் சுற்றிப் போட்ட இந்த வேலிக்கு 'நிறக்கோடு' என்று பெயர். இவர்களை வெறுக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தீட்டு என்ற சொல்லை அறிந்த நாட்டுக்கு நிறக்கோடு புரியாதா என்ன!

நெஞ்சைக் குடையும் வழக்கு ஜான்சனுடையது.

1878இல் டெக்சாசு மாநிலத்துக் கால்வெஸ்டன் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஒருகாலத்தில் அடிமைகள். பழவேற்காட்டில் வாழ்வோர் அச்சொல்லை அயல்நாட்டுச் சொல்லாகக் கருதிக் கடந்துவிட முடியாது. 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் துணியை மட்டுமா கப்பலேற்றினர்? 17ஆம் நூற்றாண்டில், பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டுகளில், இந்தக் கரையின் மக்களை ஆயிரக்கணக்கில் விலைபேசிப் பத்தேவியாவுக்கு ஏற்றி அனுப்பினர். விற்றவர்களின் கல்லறைகள் சிற்ப வேலைப்பாடுகளோடு இன்றும் நிற்கின்றன. விற்கப்பட்டவர்களுக்கு ஒரு நடுகல்லும் இல்லை.

துறைமுகத்தில் மூட்டை சுமந்த அந்த அடிமையின் மகன், கைவலியால் மேலே வந்தார். பட்டத்தை வைத்திருந்த டாமி பர்ன்ஸ் என்பவரை நாடு நாடாக விடாமல் துரத்தி, 1908 டிசம்பர் 26இல் சிட்னி நகரில் மேடையேற்றினார். பதினான்காம் சுற்றில் காவலர் புகுந்து சண்டையை நிறுத்தும் அளவுக்கு அடி! கறுப்பர் ஒருவர் முதன்முதலாக மிகுஎடைப் பிரிவின், அதாவது ஹெவிவெயிட்டின், உலகப் பட்டத்தைப் பெற்றார். வெள்ளை உலகம் துடித்தது. எழுத்தாளர் ஜாக் லண்டன், ஓய்வில் இருந்த ஜெப்ரீசை எழுந்து வந்து இனத்தின் மானத்தைக் காக்குமாறு அழைத்தார். சமதர்மம் பேசிய பேனா அது என்பதைக் கவனியுங்கள்! ஜெப்ரீஸ் வந்தார். 1910 சூலை 4இல், ரீனோ நகரில், பதினைந்தாம் சுற்றில் வீழ்ந்தார். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம். வெற்றிக்கு மகிழ்ந்த குற்றத்துக்காகக் கறுப்பர்கள் கொல்லப்பட்டனர். சண்டையைப் படமெடுத்த சுருள்கள் மாநிலம் விட்டு மாநிலம் செல்லக் கூடாதென்று 1912இல் சட்டமே வந்தது. ஒரு மனிதரின் வெற்றியைக் கண்ணால் காண்பதே அத்தனை பெரிய ஆபத்தாகத் தோன்றியது அவர்களுக்கு.

பிறகு, வெள்ளைப் பெண்ணோடு மாநில எல்லையைக் கடந்தார் என்பதைக் குற்றமாக்கி, 1913இல் வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு அவரைத் தண்டித்தது. நாட்டைவிட்டு வெளியேறினார், 1915இல் கியூபாவில் பட்டத்தை இழந்தார், 1920இல் திரும்பி வந்து சிறை சென்றார். 1946இல், கறுப்பர் என்பதால் உணவு விடுதி ஒன்றில் அவமதிக்கப்பட்டு, சினத்தோடு வண்டியைச் செலுத்தி விபத்தில் இறந்தார். அந்தத் தண்டனைக்கு அமெரிக்க அரசு மன்னிப்பு வழங்கியது 2018இல்! அதாவது, அவர் இறந்து 72 ஆண்டுகளுக்குப் பிறகு.

இதுவரை படித்த இளைஞர், படத்தை மாட்டச் சுத்தியலைத் தேடுவார். சற்றுப் பொறுங்கள்.

சாம் லாங்போர்டு என்றொருவர் இருந்தார். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்பர், குள்ளமான உருவம், இடி போன்ற கை. 1906இல், பட்டம் பெறுவதற்கு முன்பு, ஜான்சன் இவரோடு பதினைந்து சுற்று மோதி வென்றார். தம்மைவிட எடை மிகக் குறைந்த இளைஞர் அத்தனை சுற்றும் தாக்குப்பிடித்ததை ஜான்சன் மறக்கவில்லை. பட்டம் கைக்கு வந்த பின் லாங்போர்டு கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார், மறுபோட்டி கிடைக்கவே இல்லை. ஜோ ஜெனட், சாம் மக்வே என்ற கறுப்பு வீரர்களுக்கும் அதே கதி. பட்டம் வைத்திருந்த ஏழாண்டில் கறுப்பர் ஒருவரோடு ஜான்சன் பட்டத்துக்காக மோதியது ஒரே முறை: 1913இல், பாரிசில், பேட்லிங் ஜிம் ஜான்சன் என்பவரோடு. வெள்ளையரோடு மோதினால் பணம் கொட்டுகிறது, கறுப்பரும் கறுப்பரும் மோதினால் யார் பார்ப்பார்கள் என்பது கணக்கு. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால், பீட்டர் ஜாக்சனுக்குக் கதவடைத்தவர்களும் ஒரு கணக்கைச் சொல்லித்தானே அடைத்தார்கள்?

லாங்போர்டு பார்வை இழந்தார். 1944இல் செய்தியாளர் ஒருவர் தேடிக் கண்டுபிடித்தபோது, நியூயார்க்கின் ஆர்லெம் பகுதியில் வறுமையில் கிடந்தார். ஜான்சனுக்குப் பின் 22 ஆண்டுகள் கறுப்பர் எவருக்கும் அந்தப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பே தரப்படவில்லை. 1937இல் ஜோ லூயி வரும்வரை. அந்த லூயி 1936இல் செருமானியர் சுமெலிங்கோடு மோதியபோது, சுமெலிங் மீது பந்தயம் கட்டிப் பணம் பார்த்தவர் யார்? ஜான்சனேதான்!

இனி, கொட்டகையில் எழுந்த கேள்வி. ஆம், அடித்தார். எட்டா துரியா என்னும் பெண்ணை 1910இல் மருத்துவமனையில் கிடக்கும்படி அடித்தார். அடுத்த ஆண்டு அவரையே மணந்தார். 1912இல் அந்த அம்மையார் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். மேடையில் நடந்ததை மட்டும் பார், வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதே என்கிறார்கள் சிலர். வேடிக்கையான நியாயம்! மேடையில் எதிரே நிற்பவர் கையுறை அணிந்து, விரும்பி, கூலி பேசி நிற்கிறார். நடுவர் ஒருவர் இருக்கிறார். மணி அடித்தால் நிறுத்த வேண்டும். வீட்டில் நிற்கும் பெண்ணுக்கு எந்த மணி அடித்தது?

அமெரிக்கக் கதையைச் சொல்லி நாம் கைகழுவிக்கொள்ளவும் முடியாது. நம் ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிட வேண்டுமென்று முறைவைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வது. வலியவன் எல்லாவற்றையும் அள்ளாமல் தடுக்கும் நல்ல ஏற்பாடு; அதை வகுத்த முன்னோரின் அறிவைப் போற்றுகிறேன். ஆனால் அந்தச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? உரிமை பெற்ற குப்பங்களின் தலைக்கட்டுக்காரர் பெயர். இடுப்பளவு நீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் எடுக்கும் இருளர் பெயர் இல்லை. தாழ்த்தப்பட்டோர் பாடு கேட்டபோதெல்லாம் ஏரிக்கரையில் சண்டை மூண்டிருக்கிறது. துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து, எங்கள் நீரை எங்களுக்கு விடு என்று முழங்கிய அதே வாய், இன்னொருவனைப் பார்த்து இது உன் நீர் அல்ல என்று சொல்கிறது. ஜான்சனை வெறுக்கும் முன் இதையும் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். கொட்டகையில் சிலருக்கு என்மீது கோபம். இருக்கட்டும்.

"அப்படியானால் முகமது அலியின் படம்?" என்றார்கள். அலி பெரியவர்தாம். 1967இல் வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று சொல்லி, பட்டத்தையும் இளமையின் மூன்றரை ஆண்டுகளையும் இழந்தவர். அவருக்கு மீண்டும் மேடை கிடைக்க வேண்டுமென்று குரல் கொடுத்தவர்களில், கைச்செலவுக்குப் பணம் தந்தவர்களில், ஒருவர் ஜோ பிரேசியர். தென் கரோலினாவில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்து, பிலடெல்பியாவின் இறைச்சிக்கூடத்தில் உழைத்தவர். 1971இல் இருவரும் மோதும் நாள் வந்தபோது அலி என்ன செய்தார்? வெள்ளையருக்குக் கைகட்டி நிற்கும் அடிமை என்று பிரேசியரை ஊரறியத் தூற்றினார். 1975இல் மணிலாவில், கொரில்லாக் குரங்கு என்று அழைத்தார். ரப்பர் பொம்மை ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் குத்திக் காட்டிச் சிரிக்க வைத்தார். கறுப்பரை இழிவுபடுத்த வெள்ளையர் வைத்திருந்த அதே சொல்! பிரேசியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளாயினர். இதை மட்டும் ஆசிரியன் என்ற முறையில் என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. வகுப்பறையில் ஒரு பட்டப்பெயர் ஒரு குழந்தையை என்ன செய்யும் என்பதை நாள்தோறும் பார்க்கிறேன்.

மணிலாவில் பதினான்கு சுற்று, கொதிக்கும் வெப்பத்தில் இருவரும் ஒருவரையொருவர் சிதைத்தனர். பிரேசியரின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டதால் அவருடைய பயிற்சியாளர் சண்டையை நிறுத்தினார். அந்தப் புண் ஆறவில்லை. 1996இல் அட்லாண்டாவில், நடுங்கும் கையால் அலி ஒலிம்பிக் சுடரேற்றியதைக் கண்டு உலகம் கண் கலங்கியபோது, அந்தத் தீயிலேயே அவரைத் தள்ளியிருக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார் பிரேசியர். அவரையும் விரும்புவது எளிதன்று, பாருங்கள்! 2001இல் நாளிதழ் ஒன்றின் வாயிலாக அலி மன்னிப்புக் கேட்டார். நேரில் வந்து கேட்கவில்லையே என்ற குறை பிரேசியருக்கு.

2011 நவம்பரில் பிரேசியர் இறந்தார். பிலடெல்பியாவில் இறுதி நிகழ்ச்சி. நடக்கவும் பேசவும் இயலாத நிலையிலிருந்த அலி வந்திருந்தார். மறைந்தவருக்காக எழுந்து நின்று கைதட்டுங்கள் என்று ஜெசி ஜாக்சன் கேட்டுக்கொண்டபோது, அருகில் இருந்தோர் தாங்கிப் பிடிக்க, அலி எழுந்து நின்று கைதட்டினார்.