பாகவதரும் செட்டிநாடும்

தியாகராஜ பாகவதரின் வீழ்ச்சிக்குச் சிறைவாசமே காரணம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். காரைக்குடியில் இருந்துகொண்டு அவ்வரலாற்றை வாசிக்கையில் வேறொரு காரணமும் நம் கண்ணில் படுகிறது.

மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த பொற்கொல்லர் குடும்பத்துப் பிள்ளை அவர். அவர் நடித்த 'பவளக்கொடி' நாடகத்தில் மனம் பறிகொடுத்து, 1934இல் அதைப் படமாக்க முனைந்தவர்களுள் ஒருவர் லெட்சுமண செட்டியார், இயக்கியவர் கே. சுப்பிரமணியம். பாடல்கள் மட்டும் ஐம்பதாம்! கதைதான் பாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றிருக்க வேண்டும். 'சிந்தாமணி' (1937) ஈட்டிய பணத்தில் மதுரையில் அதே பெயரில் ஒரு திரையரங்கே எழுந்தது. 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் என்.எஸ். கிருஷ்ணனோடு பாகவதரும் கைதானார். நாயகன் சிறையில், படமோ அரங்கில்!

அந்த இடைவெளியில்தான் நம் ஊர் குறுக்கிடுகிறது. ஏவி. மெய்யப்ப செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையைப் படப்பிடிப்புத் தளமாக்கினார். அங்கே உருவான 'நாம் இருவர்' 1947 பொங்கலுக்கு வெளிவந்தது. புராணம் இல்லை, அரண்மனை இல்லை. சமகாலக் குடும்பக் கதை, டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாடல்கள். மேல்முறையீட்டில் விடுதலை பெற்றுப் பாகவதர் வெளியே வந்தது அதே ஆண்டு ஏப்ரலில். அவர் திரும்பி வந்த தமிழ்நாடு வேறு. 1948இல் எடுத்த 'ராஜமுக்தி' எடுபடவில்லை. அவரை ஏற்றிவிட்டதில் பங்குகொண்ட செட்டிமார் முதலீடே, அவர் காலத்தை முடித்து வைப்பதிலும் பங்கு கொண்டது என்பது நம் எண்ணம். சிறை இல்லாதிருந்தாலும் அந்த மாற்றம் நின்றிருக்காது.

அர்ஜென்டினாவின் டாங்கோப் பாடகர் கார்லோஸ் கார்டெலை இங்கே நினைத்துக்கொள்கிறோம். அவரும் பாடியே திரைக்கு வந்தவர். புகழின் உச்சியில், 1935 ஜூன் 24 அன்று, கொலம்பியாவின் மெதெயின் நகரில் விமான விபத்தில் மாண்டார். புவனோஸ் அயர்ஸ் கல்லறையில் உள்ள அவர் சிலையின் விரலிடுக்கில் அன்பர்கள் இன்றும் எரியும் சிகரெட்டைச் செருகிச் செல்கிறார்கள். அவரது காலம் அவருக்கு முன்னால் சாகவில்லை.

பாகவதருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 'அமரகவி', 'சியாமளா', 'புது வாழ்வு' என்று முயன்றுகொண்டே இருந்தார். 1959 நவம்பர் 1 அன்று மறைந்தார். பதினான்காவது படமான 'சிவகாமி' மறு ஆண்டுதான் திரைக்கு வந்தது.