கால்வாய்க்கு மேல் ஒன்று, சாலைக்கு அடியில் ஒன்று

சுந்தரபாண்டியத்துத் தறிக்காரர் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதிகை விரைவு ரயிலைப் பிடித்து, விடிகாலையில் சேலை மூட்டையோடு சென்னை எழும்பூரில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வடபழநிக்குப் போகிறவர் என்றால் கவலையே இல்லை. ரயில் நிலையத்தை ஒட்டிப் படி இறங்கினால் மெட்ரோ. மாறாமல் போய்ச் சேரலாம். மயிலாப்பூர் என்றால் அலைச்சல். மின்சார ரயிலில் பூங்கா நிலையம், மூட்டையைத் தூக்கிக்கொண்டு பூங்கா நகருக்கு நடை, அதன்பின் பறக்கும் ரயில்.

பறக்கும் ரயில் மூத்தது. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997-ல் மயிலாப்பூர், 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி என்று மெல்ல நகர்ந்தது. 12 ஆண்டுகளில் சுமார் 19 கி.மீ. 2015-ல் ஆலந்தூர் - கோயம்பேடு இடையே தொடங்கிய மெட்ரோவோ, 2021-ல் விம்கோ நகரைத் தொட்டபோது 54 கி.மீ. ஆகியிருந்தது.

இந்த வேக வித்தியாசத்துக்குப் பணமும் நிர்வாகமும் ஒரு காரணம். பாதை போட்ட இடம் அதைவிடப் பெரிய காரணம். நிலம் எடுக்கும் தொல்லை குறைவென்று பறக்கும் ரயிலுக்குப் பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயிலேயே தூண் நட்டார்கள். கால்வாய் போன வழிதான் ரயிலுக்கும் வழி. ஜனம் எங்கே போகிறது என்பது இரண்டாவது கேள்வியாகிவிட்டது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு இன்னும் 5 கி.மீ. போட வேண்டியிருந்தபோது, ஆதம்பாக்கத்தில் நிலம் எடுக்கும் வழக்குகளில் வேலை பல ஆண்டுகள் முடங்கியது. மெட்ரோ அண்ணா சாலைக்கு அடியில் குடைந்துகொண்டு போனது. செலவு மிக அதிகம். ஆனால் மேலே வந்தால் கடையும் அலுவலகமும் பேருந்தும் எதிரிலேயே நிற்கின்றன.

பறக்கும் ரயில் நிலையங்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கம்தான் வருகிறது. கடைகள் வரும் என்று நம்பிக் கட்டிய பிரம்மாண்டமான தளங்கள் வெறுமனே கிடக்கின்றன. ராத்திரி எட்டரைக்கு மேல் ஒரு பெண் தனியாக அந்தப் படிகளில் இறங்கும்போது துணைக்குக் கேட்பது அவள் செருப்புச் சத்தம்தான். மெட்ரோவில் அந்தப் பயம் இல்லை. விளக்கு, காவலர், பையைச் சோதிக்கும் இயந்திரம், தானாக மூடும் கதவு எல்லாம் உண்டு.

ஆனாலும் பறக்கும் ரயிலை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கே குறைந்த கட்டணம் 5 ரூபாய், மெட்ரோவில் 10. தூரம் கூடக்கூட இடைவெளியும் கூடுகிறது. வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவும் கல்லூரிப் பையனும் மாத சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வரக் கட்டுப்படியாவது அதில்தான்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ. அதில் மயிலாப்பூரின் திருமயிலை நிலையத்தில் மேலே பறக்கும் ரயிலும் பூமிக்குள் வெகு ஆழத்தில் மெட்ரோவும் இருக்கும். மயிலாப்பூர் போகிறவரின் அலைச்சல் அங்கே ஓரளவு தீரும். பறக்கும் ரயிலையே மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்க 2025-ல் ரயில்வே வாரியம் கொள்கை அளவில் சம்மதித்திருக்கிறது. நிலையங்களுக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் வந்தால் மனதார வரவேற்பேன். கைமாறும் ஒப்பந்தத்திலேயே அந்த 5 ரூபாய் டிக்கெட்டுக்கும் சீசன் டிக்கெட்டுக்கும் உத்தரவாதம் எழுதிவிட வேண்டும்.